படித்துவிட்டு விழுங்குகிறவர்

பேருந்தின் இன்ஜின் சூடேறிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள சின்ன விளக்கடியில் ஸ்டானிஸ்லாஸ் சத்து மாத்திரை பாட்டிலைப் படித்துக்கொண்டிருப்பார். நேற்றும் இதே பாட்டிலைத்தான் படித்தார். முந்தாநாளும் இதையேதான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டிலை முகத்தருகே கொண்டுபோய், உதடு அசைய ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவார். கோதுமைக் கதிருக்குக் குறுக்கே கோடு போட்ட முத்திரை ஒன்று அடியில் இருக்கும். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பார். உள்ளங்கையில் கவிழ்த்த மாத்திரைகளை வாயில் போட்டு, ஒரு மடக்கு வெந்நீர் குடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். கோத்தா திங்கி ஊர் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்.

"ராத்திரியோட ராத்திரியா எழுத்து மாறிடுமாண்ணே?" முதல் ஆளாக ஏறும் புஷ்பவள்ளி கேட்பாள்.

"கம்பெனிக்காரன் மாத்துவான்லா. நம்மகிட்ட சொல்லிட்டா மாத்துவான்?" என்பார் ஸ்டானிஸ்லாஸ். இதில் விளையாட்டு எதுவும் கிடையாது. மெய்யாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய, நெடிய ஆள். ஒரு காலத்தில் நல்ல பருமனாகவும் இருந்தார் என்பதைக் கல்யாணப் படத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும். கோத்தா திங்கியிலிருந்து செனாய் தொழிற்பேட்டைக்கு ஆலைப் பேருந்து ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மின்னணுச் சாமான்கள் பொருத்தும் பெண்கள். தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நேப்பாளத்திலிருந்து வந்த சிலர். உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தூங்கிவிடுவார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு அந்த வண்டியில் விழித்திருப்பவர் ஒரே ஒருவர்தான், அவருக்கோ உடம்பில் சொட்டுத் தெம்பு கிடையாது. சிரிப்பதற்கு இந்த மனிதரிடம் நிறைய உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவருக்கு வந்திருக்கும் நோய்க்கு சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி வகையறாவில் குளூட்டன் என்று ஒரு பசைச்சத்து உண்டு. அது துளி உள்ளே போனாலும் இவர் குடல் புண்ணாகிவிடும். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. வருஷக்கணக்காக வாயு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பிறகு அல்சர் என்றார்கள். ரத்தம் வற்றி, முகம் வெளுத்து, பெல்ட்டில் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டிருந்த நிலையில்தான் ஜொகூர் பாரு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். "இது வெள்ளைக்காரங்களுக்குத்தான் அதிகமா வருமாம். டாக்டரே சொன்னாரு. எனக்கு எப்படி வந்துச்சு? நான் சிங்கப்பூரத் தாண்டி ஒரு ஊருக்கும் போனதில்லையே!" என்று யாரோ பாஸ்போர்ட் பரிசோதிக்காமல் நோயை உள்ளே விட்டுவிட்ட மாதிரி ஆதங்கப்படுவார்.

அன்றோடு ரொட்டி சானாய் போயிற்று. மஞ்சள் மீ நூடுல்ஸ் போயிற்று. கிச்சாப் என்கிற சோயா சாற்றில்கூடக் கோதுமை உண்டு என்று தெரிந்த நாளில் அவர் சாப்பாட்டுக் கடைகளையே கைவிட்டார். கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டு, ரசத்தில் பெருங்காயம் போடவும் தடை போட்டார். கல்யாண வீடுகளுக்குத் தூக்குச் சட்டியோடு போவார். கோயிலில் பாதர் அவருக்கென்று குளூட்டன் மிகக் குறைந்த நற்கருணை அப்பத்தைத் தனிச் சிமிழில் வைத்திருக்கிறார். அதை வாங்க வரிசையில் நிற்கும்போதும், முன்னால் கொடுத்த அப்பத்தின் தூள் பாதர் விரலில் ஒட்டியிருக்கிறதா என்று இவர் கண் தேடும். பிறகு அதற்காகவும் மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பார்.

நம் ஊரில் சோர்வாக இருக்கிறது என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், வைட்டமின் விற்காத மனிதர் ஒருவரும் இல்லை என்பது தெரிந்துவிடும். சித்தப்பா மகன் பொடி கொண்டு வருவார். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர் கடல்பாசி கொண்டு வருவார். பக்கத்து வீட்டில் ஒருவர் பச்சைத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கையிலேயே கொடுத்துவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் டின்னை வாங்கிப் படித்துப் பார்த்தார். இளம் பார்லிப் புல். கிளாஸைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, "நல்லாருந்துச்சு" என்றார். அவர் விழுங்குவதெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்தும், பெர்மாஸ் ஜெயாவில் ரூபினி என்கிற மருந்தாளுநர் தேடிப் பிடித்துக் கொடுத்த முத்திரை குத்திய பி வைட்டமினும்தான்.

இவ்வளவு படிக்கிற மனிதர் வாழும் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் அது அதிசயம். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் அரைத்த மிளகாய் இருக்கும். பிஸ்கெட் டின்னில் ஊசியும் நூலும். பால்மாவு டின்னில் உளுந்து. காப்பித்தூள் பாட்டிலில் சீரகம். இதெல்லாம் அவர் மனைவி டோரிஸின் ஆட்சி. எந்த டப்பாவில் எது என்று டோரிஸுக்கு மனப்பாடம். கணவருக்கு நோய் வந்த பிறகு சமையலறையில் பாதியைத் தனியாகப் பிரித்து, அவருக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அஞ்சறைப் பெட்டி என்று ஒதுக்கியவரும் அவர்தான். ஆனால் காலி டப்பாவைத் தூக்கிப் போடுவது மட்டும் அவரால் ஆகாத காரியம்.

இப்படியெல்லாம் காபந்து பண்ணியும் சோர்வு போகவில்லை. வருஷம் ஒன்றைத் தாண்டிவிட்டது. காலையில் எழுந்து பல் துலக்கியதும் திரும்பப் படுக்க வேண்டும் போல இருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல பாவனை பண்ணிவிட்டு ஏறுவார். வண்டியில் ஆசாம் என்கிற உப்புப் புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொள்வார். ஜன்னலைத் திறந்துவிட்டு ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லுவார். தொடையைக் கிள்ளிக்கொள்வார். பின்னால் இருக்கிறவர்கள் பக்திமான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. ஒரு காலை, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில், சக்கரம் ஓரக்கோட்டு மேடுகளில் ஏறித் தடதடத்த சத்தத்தில்தான் அவர் விழித்துக்கொண்டார். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கண் எப்போது மூடியது, எவ்வளவு தூரம் வண்டி தன்பாட்டுக்குப் போனது, ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். யாருடைய தண்ணீர் பாட்டிலோ விழுந்து உருண்டது. கண்ணாடியில் பார்த்தார். ஒருத்தியும் விழிக்கவில்லை. வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, பக்கத்திலிருப்பவளின் தோளில் எச்சில் ஒழுக, அத்தனை பேரும் அவரை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செனாய் வந்து அவர்களை இறக்கிவிட்ட பிறகு, பேருந்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

போன மாதம் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குளூட்டனால் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்புப் பொருள் இறங்கியிருக்க வேண்டிய அளவு இறங்கவே இல்லை. எங்கேயோ ஒரு வழியில் குளூட்டன் உள்ளே போகிறது, சாப்பாடு, மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் மறுபடி சலித்துப் பாருங்கள் என்றார். அதிலும் ஒன்றும் அகப்படாவிட்டால் திரும்பவும் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும், சில பேருக்குக் குடலில் வேறு மாதிரியாக... என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டாக்டர் நிறுத்திய வாக்கியத்தை ஸ்டானிஸ்லாஸ் வீடு வரும் வழியெல்லாம் விதம் விதமாக முடித்துப் பார்த்தார். ஒன்றிலும் அவர் உயிரோடு இல்லை.

அடுத்த ஓய்வுநாளில் வீட்டில் தான் வாயில் போடும் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனார். ரூபினி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளி வைத்தாள். இரும்புச்சத்து சரி. இருமல் மருந்து சரி. பி வைட்டமின் பாட்டிலைத் திறந்து, மாத்திரை எண்ணும் தட்டில் கவிழ்த்தாள். கவிழ்த்தவள் அப்படியே குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், இதுல ரெண்டு வகை மாத்திரை இருக்கு."

ஸ்டானிஸ்லாஸ் நெற்றிக்குப் போன கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். வெளிச்சத்தில் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். நிறம் என்னவோ ஒன்றுதான். ஆனால் சில மாத்திரைகள் மேல்பூச்சோடு வழவழவென்று இருந்தன. மற்றவை சொரசொரப்பாக, புள்ளி புள்ளியாக இருந்தன. ரூபினி ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"இது நான் குடுத்தது இல்ல. எங்க வாங்கினீங்க?"

"எங்கயும் வாங்கலம்மா. அதே பாட்டில்தான். நான் தெனம் படிச்சிட்டுத்தானே சாப்பிடுறேன்?"

"பாட்டிலப் படிச்சீங்க அங்கிள்," என்றாள் ரூபினி மெதுவாக. "வீட்ல கேட்டுப் பாருங்க. பாக்கெட் ஏதாச்சும் இருந்தா படம் எடுத்து அனுப்புங்க."

டோரிஸ் மறைக்கவில்லை. மறைப்பதற்கு ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. துணி மாட்டும் கிளிப் போட்டு மூடி வைத்திருந்த ஒரு பளபளப்பான பாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். பாட்டிலில் நிரப்பிக்கொள்வதற்கென்றே விற்கும் பாக்கெட். "பாட்டில் அடி தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஒருநாள்கூட உங்களுக்கு மாத்திரை இல்லாம போயிடக் கூடாதுன்னு பாத்தேன். உங்க பஸ்ஸுல வர்ற புஷ்பாதான் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துச்சு. அது சத்து மாத்திரை விக்கிறதுதானே. அண்ணன் ரொம்ப சோர்ந்து தெரியுறாரு, இதுவும் பி வைட்டமின்தான் அக்கா, அதே பாட்டில்ல கொட்டிக்கலாம்னு சொல்லுச்சு. காசுகூட வாங்கல. ரெண்டு மூணு பாக்கெட் ஆச்சு." பிறகு கணவரின் முகத்தைப் பார்த்து, குரல் இறங்கி, "கோதுமைன்னு போட்டிருக்கான்னு பாத்தேங்க. இங்கிலீஷ்ல பாத்தேன், மலாய்லயும் பாத்தேன். எங்கயும் போடல. பாத்துட்டுத்தான் கொட்டினேன்" என்றார்.

படம் போனது. ரூபினியின் குரல் செய்தி வந்தது. ஸ்டானிஸ்லாஸ் கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துச் சத்தமாகவே போட்டார். மனைவியும் கேட்கட்டும் என்று அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"அங்கிள், இதுல இருக்கிற ஈஸ்ட், பார்லியில பீர் காய்ச்சின பிறகு அதுலேர்ந்து எடுக்கிறது, பார்லியும் ஒட்டிக்கிட்டு வரும். கோதுமைன்னு போட மாட்டாங்க, ஆனா உங்களுக்கு ஆகாது. இன்னையோட நிறுத்துங்க. இது மட்டும்தான் காரணமான்னு ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நிறுத்தின ஒடனே தெம்பு வந்துடாது. கொடல் ஆறணும், மாசக் கணக்கா ஆகலாம். இன்னொண்ணு அங்கிள். நீங்க அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்கள்ல, வண்டி ஓட்டுறப்ப கண்ணு இழுத்துக்கிட்டுப் போவுது, அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கான்னு? அதுக்கு மாத்திரை கெடையாது. சரியாகுற வரைக்கும் ஓட்டாதீங்க."

அதுவரை டோரிஸ்தான் தலை குனிந்திருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"என்னது, கண்ணு இழுத்துக்கிட்டுப் போவுதா?"

ஸ்டானிஸ்லாஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி அதில் படிக்க ஒன்றுமில்லை. செம்பனைத் தோட்டத்துச் சாலையையும் உருண்ட பாட்டிலையும் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு மனைவி, "அத்தன பொம்பளப் புள்ளைங்களையும் வச்சிக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரை மாறிப் போனதற்கு மனைவிமேல் வந்திருந்த கோபம் எங்கே போனது என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் அவர் மனம் சும்மா இருக்கவில்லை. காரணம்தான் அகப்பட்டுவிட்டதே. மாத்திரையை நிறுத்தியாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் ஆசாம் பழத்தோடும் ஜெபமாலையோடும் ஒப்பேற்றிவிட்டால் யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடாதா? அவரிடம் இருப்பது அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். அதை விட்டு ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏற்றிக்கொள்வார்களா என்பது யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் பேருந்துகளின் சொந்தக்காரரான கமலநாதனைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தார்.

"அலமாக்! இப்ப வந்து சொல்றியே ஸ்டானி," என்றார் கமலநாதன். "எனக்கு ஆளு எங்க இருக்கு? நாளைக்கு ஒருநாள் எடு. ஒருநாள்தானே. அப்புறம் பாத்துக்கலாம்லா."

ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார்.

"நாளைக்கும் முடியாது பாஸ். வண்டியில தூங்கிட்டேன், பாஸ். ஒரு தடவ தூங்கிட்டேன்."

பிறகு கமலநாதன், வேன் ஓட்டும் அட்ரியனை அனுப்புவதாகவும், அவனுக்கு நிறுத்தங்கள் தெரியாது, கூடப் போய்க் காட்டிவிடு என்றும் சொல்லி வைத்துவிட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. இவரும் கேட்கவில்லை.

"புஷ்பாகிட்ட நான் பேசுறேன்," என்றார் டோரிஸ். "அது இன்னும் யாரு யாருக்குக் குடுத்து வச்சிருக்கோ."

"மத்தவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. நம்ம ஒடம்புக்குத்தான் ஆகாது. நானே சொல்லிக்கிறேன். இப்ப வேணாம், மனசு ஒடஞ்சிடும் அந்தப் புள்ளைக்கு."

மறுநாள் விடியலில் அட்ரியன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான். ஸ்டானிஸ்லாஸுக்கு அது யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. இடப்பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக ஓட்டுகிற வண்டியின் இருக்கை இவ்வளவு கட்டையாக இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. புஷ்பவள்ளி ஏறி, அவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, அதே வரிசையில் தன் வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கு பாசஞ்சரா?"

"ஆமாம்மா. ஒடம்பு சரியாகுற வரைக்கும் வண்டி எடுக்க வேணாம்னுட்டாங்க."

அவள் முகம் வாடிப்போயிற்று. "நான் குடுத்த மாத்திரய அக்கா குடுத்தாங்களா? ஒழுங்கா சாப்பிட்டீங்களாண்ணே?"

"குடுத்துச்சு. ஒருநாள் விடாம சாப்பிட்டேன்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இனிமே வேணாம்மா. டாக்டரு எல்லா சத்து மாத்திரையும் நிறுத்திட்டு மறுபடி பாக்கலாம்னு சொல்றாரு."

"சரியாயிடும்ணே. நான் கோயில்ல வேண்டிக்கிறேன்," என்றாள் அவள். பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் அட்ரியனுக்கு நிறுத்தங்களைக் காட்டினார். காட்டி முடிந்த பிறகும் தூங்கவில்லை. கண் எரிந்தது. செம்பனைத் தோட்டத்துச் சாலை வந்தபோது அட்ரியனின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

சூரியன் தோட்டத்துக்கு மேலே ஏறி, இடப்பக்க ஜன்னல் வழியாகப் புஷ்பவள்ளியின் முகத்தில் விழுந்தது. அவள் தூக்கத்திலேயே முகம் சுளித்தாள். ஸ்டானிஸ்லாஸ் எட்டி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கொக்கி எப்போதோ போய்விட்ட திரை. விட்டதும் நழுவித் திரும்ப ஓடியது. மறுபடி இழுத்து, ஓரத்தை ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கை மரத்தது, தோள் நடுங்கத் தொடங்கியது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, செனாய் வரும் வரை அவர் திரையை விடவில்லை.